கிணற்று ஜலத்தில் கலக்கும் குளோரின் விஷங்களும் அவற்றைப் போக்கும் பாக்டீரியாக்களும்

காஞ்சீபுரத்தை அடுத்த ஏனாத்தூரைப் போன்ற கிராமங்களில் விவசாயம் ஏரியையும் கிணற்றையும் நம்பியே நடைபெற்று வருகிறது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷத்தில் ஏரி மடைகளின் வழியே பாசனம் நடக்கிறது. ஏரி வற்றிய பின்பு நாற்றங்காலையும், தோட்டப்பயிரையும், கறவை மாடுகளையும் காப்பாற்றுவது கிணற்று ஜலமே. கிணறு வற்றிப் போனால் குடியானவர் வருந்துகிறார். ஆயினும் அடுத்த மழையில் ஊற்றுத் திறந்துகொள்ளும் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு. கிணற்று ஜலம் விஷம் கலந்து கெட்டுப்போனாலோ அத்தகைய நம்பிக்கைக்கு இடமில்லை. ஒரு மழையிலும் அது நீங்குவதில்லை. ஒரு தலைமுறை கழிந்தும் நீங்காமல் நிற்பதுண்டு.

இவ்வாறு நிலத்தடி ஜலத்தைக் கெடுக்கும் பொருள்களுள் மிகவும் பிடிவாதமானவை குளோரின் சேர்ந்த இரசாயனங்கள் ஆகும். இவற்றைப் பாக்டீரியாக்களைக் கொண்டு போக்கலாம் என்பது கடந்த சில பத்தாண்டுகளில் நிரூபணமாகியிருக்கிறது. அவை எவ்விதம் வேலை செய்கின்றன, எந்த நிலைமையில் வேலை செய்யா, இவ்விஷயத்தில் நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கது என்ன என்பவற்றை இங்கே விளக்குவோம். ஏனாத்தூர்க் கிணறுகளில் இவ்விஷங்கள் காணப்பட்டதாக நாம் கூறவில்லை. வருமுன் காப்பதற்கு வேண்டிய அறிவு முன்னதாகவே இருத்தல் நலம் என்பதே கருத்து.

குளோரின் சேர்ந்த இரசாயனங்கள் எவை?

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். நாம் உண்ணும் உப்பிலும் குளோரின் உண்டு. குடிநீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரிலும் குளோரின் உண்டு. உப்பிலுள்ளது குளோரைடு என்னும் சாந்தமான உருவம். அளவோடு இருந்தால் தீங்கில்லை. பிளீச்சிங் பவுடர் நோய்க்கிருமிகளைக் கொல்லுவதற்காகப் போடப்படுவது. இவ்விரண்டும் இக்கட்டுரையில் கூறப்படும் விஷங்கள் அல்ல. கரியணுக்களோடு குளோரின் அணுக்கள் இறுகப் பிணைந்து உண்டாகிய செயற்கைத் திரவங்களும் தூள்களுமே இங்கே குறிக்கப்படுகின்றன.

இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பிசுக்கைக் கரைக்கும் திரவங்கள். இயந்திர உறுப்புக்களிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கை நீக்கத் தொழிற்சாலைகளில் டிரைகுளோரோ எதிலீன் என்னும் திரவம் பல வருஷங்களாக உபயோகப்பட்டு வந்திருக்கிறது. ஜலத்தில் நனைக்கக் கூடாத பட்டுப்புடவை, கம்பளித் துணி முதலியவற்றை வெளுக்கும் உலர்சலவைக் கடைகளில் பெர்குளோரோ எதிலீன் என்னும் திரவம் உலகெங்கும் வழங்கியது; பெட்ரோலிய வகைத் திரவங்களை உபயோகிக்கும் கடைகளும் பல உண்டு. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊரில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் ஜலத்தின் நிறம் வாய்க்காலில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. மேற்சொன்ன திரவங்களுக்கோ நிறமே இல்லை. ஆகையால் அவை சிந்தியது யாருக்கும் தெரிவதில்லை.

மற்றொரு வகை பூச்சிமருந்துகள். நம் நாட்டுக் குடியானவர்கள் பல்லாண்டுகளாக வயலில் தூவிய பி.எச்.சி. தூள் இவ்வகையைச் சேர்ந்தது. அத்தூளில் பூச்சியைக் கொல்லும் பகுதி நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு மட்டுமே. எஞ்சியது பயனின்றி மண்ணில் தங்கிய பொருள். பி.எச்.சி. தூள் 1997-ம் வருஷத்தில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் லிண்டேன் என்ற மருந்தின் உற்பத்தி 2011-ம் வருஷத்திலும், உபயோகம் 2013-ம் வருஷத்திலும் நிறுத்தப்பட்டன. தடை வந்துவிட்டது, ஆனால் பழைய கிடங்குகளிலும் மண்ணிலும் தங்கியது தானே மறைந்துவிடவில்லை.

பூமிக்குள் அவை செல்லும் விதம்

பூச்சிமருந்துத் தூள் பெரும்பாலும் மேல் மண்ணோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். பிசுக்கு நீக்கும் திரவங்களின் போக்கு வேறு. மண்ணெண்ணெய் ஜலத்தின் மேல் மிதப்பதைக் கண்டிருக்கிறோம். பெர்குளோரோ எதிலீனோ ஜலத்தைப்போல் 1.6 மடங்கு கனமுள்ளது. தரையில் கொட்டினால் மண்ணின் துவாரங்கள் வழியே இறங்கி, ஊற்றுநீர் மட்டத்தையும் கடந்து, அடியிலுள்ள களிமண்ணின் மேலோ பாறையின் மேலோ தேங்கும். பாறையில் வெடிப்பு இருந்தால் அதற்குள்ளும் புகும். அங்கே இருந்துகொண்டு கொஞ்சங் கொஞ்சமாய்க் கரைந்து, அவ்வழியே ஓடும் நிலத்தடி ஜலத்தைப் பல வருஷங்கள் கெடுத்துக்கொண்டிருக்கும்.

இவ்விஷத்தின் வீரியத்தை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் விதிப்படி குடிநீரில் இத்திரவம் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது பத்து லட்சம் லிட்டர் ஜலத்தில் 5 கிராம் கலந்தாலே அது வரம்பை எட்டிவிடும். ஒரு லிட்டர் பெர்குளோரோ எதிலீனின் எடை ஏறக்குறைய 1,620 கிராம். அது முழுவதும் கரைந்தால் சுமார் 32 கோடி லிட்டர் ஜலம் வரம்பை எட்டும். இருபதடி விட்டமுள்ள ஒரு பாசனக் கிணற்றில் பதினாறடி ஜலம் நின்றால் அது ஏறக்குறைய 1.4 லட்சம் லிட்டர் ஆகும். ஆகவே ஒரு லிட்டர் திரவம் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கிணறுகளின் ஜலத்தைக் குடிக்கத் தகாததாக்கப் போதும்.

இது வெறும் கணக்கு அன்று. போபால் நகரில் 1984-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் விஷவாயு விபத்து நேர்ந்த ஆலையின் வளாகத்தில் புதைத்தும் குட்டைகளில் தேக்கியும் வைத்திருந்த கழிவுகளிலிருந்து, குளோரின் சேர்ந்த இரசாயனங்கள் சுற்றுப்புறத்து நிலத்தடி ஜலத்தில் இறங்கின. அங்குள்ள குடியிருப்புக்களுக்குக் குழாய் மூலம் நல்ல ஜலம் தரவேண்டும் என்று 2004-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட நேர்ந்தது. காற்றில் பரவிய விஷம் சில மணி நேரத்தில் கலைந்துபோயிற்று; நிலத்தில் இறங்கிய விஷம் இருபது வருஷம் கழித்தும் வழக்காக நின்றது.

சேற்று வயல் கற்பிக்கும் பாடம்

இத்தகைய விஷத்தைப் பாக்டீரியாக்கள் எங்ஙனம் போக்கும் என்பதை நம் நெல் வயலைக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம். கொழுஞ்சியையோ தக்கைப்பூண்டையோ வயலில் மிதித்து, ஜலம் கட்டிச் சேறாக்கி விட்டால், சில நாட்களில் சேற்றிலிருந்து குமிழிகள் கிளம்புகின்றன; மண் கருத்து, ஒருவித நாற்றம் வீசுகிறது. ஜலம் நின்றபடியால் மண்ணுக்குள் பிராணவாயு செல்லாது தடைப்பட்டு, பிராணவாயு இன்றியே வாழத்தக்க பாக்டீரியாக்கள் தழையைத் தின்று பெருகுவதன் அடையாளமே அது.

எல்லா உயிரும் உணவு உண்பதோடு சுவாசிக்கவும் வேண்டும். நாம் பிராணவாயுவைச் சுவாசிக்கிறோம். அது கிடைக்காத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் மண்ணிலுள்ள நைட்ரேட்டு, இரும்புத் துரு, கந்தகச் சத்து முதலியவற்றை அதற்குப் பதிலாக உபயோகித்துக்கொள்கின்றன. அவற்றுள் சில வகைகள் குளோரின் சேர்ந்த விஷத்தையே அவ்விதம் உபயோகிக்கின்றன. அப்போது விஷத்திலுள்ள குளோரின் அணு பிரிந்து, உப்பில் உள்ளதைப் போன்ற குளோரைடாக மாறி ஜலத்தில் கலக்கிறது.

பிலிப்பைன்ஸ் தீவிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பி.எச்.சி. மருந்தின் நான்கு வகைகளை ஜலம் கட்டிய மண்ணில் இட்டுப் பரீக்ஷித்து, அதன் முடிவை 1967-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். இயல்பான மண்ணில் மருந்து விரைவாகக் குறைந்தது. கிருமிகள் சாகும்படி சூடேற்றிய மண்ணில் அவ்வாறு குறையவில்லை. ஆகவே அதைக் குறைத்தவை மண்ணிலிருந்த உயிர்களே என்பது தெளிவாயிற்று. ஒரே மருந்து புஞ்சையில் நெடுநாள் தங்குவதும் நஞ்சையில் சீக்கிரம் குறைவதும் இக்காரணத்தினாலேயே.

கரும்பின் வேர்மண்ணில் கிடைத்த பாக்டீரியா

பிராணவாயு உள்ள மண்ணிலும் சில பாக்டீரியாக்கள் இவ்வேலையைச் செய்வதுண்டு. கட்டாக் நகரிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேதுநாதன் அவர்களும் அவருடன் உழைத்தவர்களும் கரும்பின் வேரைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 1990-ம் வருஷத்தில் அதன் விவரத்தை வெளியிட்டார்கள். அது காற்றோட்டமுள்ள நிலையிலேயே பி.எச்.சி.யின் பல வகைகளைச் சிதைக்க வல்லது. அதன் வழிவந்த இனத்துக்கு இந்தியாவின் பெயரையே சேர்த்து ஸ்பிங்கோபியம் இண்டிகம் என்று பின்னர்ப் பெயரிட்டார்கள்.

லிண்டேன் ஒரு டன் தயாரிக்கும்போது பயனற்ற கழிவு எட்டு முதல் பன்னிரண்டு டன் வரை மிஞ்சும். இவ்விதக் கழிவு கொட்டப்பட்ட லக்னோ நகர்ப்புறத்து மண்ணில் டெல்லி சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் மேற்படி பாக்டீரியாவைப் பிரயோகித்துப் பார்த்தார்கள். மக்காச்சோளக் கதிரின் சக்கையைத் தூளாக்கி, அதில் பாக்டீரியாவை ஏற்றி, மண்ணோடு கலந்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டதில் விஷத்தின் அளவு நன்றாகக் குறைந்தது. ஆயினும் பி.எச்.சி.யில் பீட்டா என்னும் வகை மற்றவற்றினும் பிடிவாதமாக நின்றது. பாக்டீரியா ஒன்று என்றாலும், விஷத்தின் வகைக்கு ஏற்ப அதன் வேலை வேகமும் மாறும் என்பதை இதனால் அறியலாம்.

நான்கு குளோரினையும் நீக்கும் பாக்டீரியா

இனி நிலத்தடி ஜலத்துக்கு வருவோம். பெர்குளோரோ எதிலீனில் நான்கு குளோரின் அணுக்கள் உள்ளன. பிராணவாயு இல்லாத இடத்தில் பாக்டீரியாக்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. ஒன்று கழன்றால் மூன்று குளோரினுள்ள டிரைகுளோரோ எதிலீன் ஆகிறது. மற்றொன்று கழன்றால் இரண்டு குளோரினுள்ள டைகுளோரோ எதிலீன். இன்னும் ஒன்று கழன்றால் ஒரே குளோரினுள்ள வினைல் குளோரைடு. கடைசிக் குளோரினும் நீங்கினால் மிஞ்சுவது எதிலீன். வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் அறைகளில் பழ வியாபாரிகள் செலுத்தும் வாயு அதுவே. அவ்வளவு சிறு அளவில் அதனால் தீங்கு இல்லை.

இந்த வரிசையில்தான் அபாயம் ஒளிந்திருக்கிறது. முதல் இரண்டு குளோரின்களைக் கழற்றும் பாக்டீரியாக்கள் பல வகையின. பல இடங்களிலும் உண்டு. வினைல் குளோரைடையும் கடந்து எதிலீன் வரையில் கொண்டுபோகும் பாக்டீரியாக்களோ மிகச் சில. அவை இல்லாத இடத்தில் வேலை பாதியில் நின்றுவிடும். வினைல் குளோரைடு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று ஐயமற நிரூபிக்கப்பட்ட பொருள். முதலில் இருந்த விஷத்துக்கு அமெரிக்க நாட்டார் வைத்த வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்றால், இதற்கு வைத்த வரம்பு 2 மைக்ரோகிராமே. ஆகையால் பாதி வேலை, வேலையே செய்யாததைவிடக் கெடுதலாகவும் முடியலாம். இவ்விஷயத்தில் நினைவில் வைக்கவேண்டிய முதல் உண்மை இதுவே.

நான்கு குளோரினையும் தானே கழற்றவல்ல பாக்டீரியாவை அமெரிக்காவிலுள்ள கார்னெல் சர்வகலாசாலையார் சாக்கடைக் கசட்டிலிருந்து தனியே பிரித்து, 1997-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். அதன் இனத்துக்கு டீஹேலோகாக்காய்டீஸ் என்று பெயர். அதன் குணங்கள் விசித்திரமானவை. அது ஹைட்ரஜனை உணவுபோல் உபயோகிக்கும். குளோரின் சேர்ந்த பொருள்களை மட்டுமே சுவாசத்துக்குக் கொள்ளும். வேறு வழியில் பிழைக்காது. பிராணவாயு பட்டால் அதன் வேலை கெடும். புளிப்பு மிகுந்த ஜலத்தில் வளராது. வெதுவெதுப்பான சூட்டை விரும்பும். இவ்வொரு விஷயத்தில் நம் நாட்டு நிலத்தடி ஜலம் குளிர்தேசத்து ஜலத்தைவிட அதற்கு ஏற்றது. தனக்கு வேண்டிய ஹைட்ரஜனை அது தானே உண்டாக்கிக்கொள்ளாது. மற்றப் பாக்டீரியாக்கள் தழை, சர்க்கரை, எண்ணெய் முதலியவற்றைப் புளிக்கவைக்கும்போது பிறக்கும் ஹைட்ரஜனை நம்பி வாழ்கிறது. ஒரு கிராமத்தில் பல தொழிலாளரும் சேர்ந்தே சாகுபடி நடப்பதுபோல, இங்கும் பல பாக்டீரியாக்கள் கூடியே வேலை நிறைவேறுகிறது.

பூமிக்குள் வேலை நடத்தும் முறை

விஷம் தங்கிய இடத்தை முதலில் சோதனைத் துளைகள் போட்டு அறிகிறார்கள். நிலத்தடி ஜலம் எத்திசையில், எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதையும் அளக்கிறார்கள். பிறகு அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே வரிசையாகத் துளைகள் போட்டு, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, தாவர எண்ணெய் முதலிய உணவை உட்செலுத்துகிறார்கள். மண்ணிலுள்ள சாதாரணப் பாக்டீரியாக்கள் அதைத் தின்று அங்குள்ள பிராணவாயுவை எல்லாம் செலவழித்து விடுகின்றன. சேற்று வயலில் நாம் தழை மிதித்து உண்டாக்கும் நிலைமையே பூமியின் அடியில் இவ்வாறு உண்டாக்கப்படுகிறது. வேண்டிய பாக்டீரியா அவ்விடத்தில் இயற்கையாக இருந்தால் இதுவே போதும். இல்லையாயின், காற்றுப்படாமல் வளர்த்த பாக்டீரியாவைக் கடைசியில் செலுத்த வேண்டும்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்திலுள்ள கெல்லி விமானப்படைத் தளத்தில் நடந்த பரீக்ஷை இதற்கு நல்ல உதாரணம். அதன் முடிவு 2002-ம் வருஷத்தில் வெளியாயிற்று. அங்கே உணவு மட்டும் செலுத்திய பகுதியில் விஷம் இரண்டு குளோரினுள்ள நிலையில் நின்றுவிட்டது. உணவோடு தக்க பாக்டீரியாவையும் செலுத்திய பகுதியில், சுமார் 200 நாட்களுக்குள் பெர்குளோரோ எதிலீன், டிரைகுளோரோ எதிலீன், டைகுளோரோ எதிலீன் ஆகிய மூன்றும் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழ் இறங்கின, மிஞ்சியது எதிலீனே. விதை, எரு, பருவம் மூன்றும் கூடினால்தான் விளைச்சல் என்பது குடியானவருக்குத் தெரியாததன்று.

நம் பாலாற்றுப் படுகையில் நடந்த பரீக்ஷை

பூமிக்கு அடியில் பாக்டீரியாவை வேலை வாங்குவது நம் நாட்டில் நடவாத காரியம் என்று எண்ண வேண்டாம். காஞ்சீபுரத்துக்கு மேற்கே, அதே பாலாற்றுப் படுகையில் உள்ள ராணிப்பேட்டையில், மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு நெடுங்காலம் குவிந்து கிடந்தது. அதிலிருந்து ஆறிணைக் குரோமியம் என்னும் விஷம் மழைநீரோடு இறங்கி நிலத்தடி ஜலத்தை மஞ்சளாக்கியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார், அம்மண்ணிலேயே பிழைத்திருந்த பாக்டீரியாக்களை எடுத்து வளர்த்து, உணவோடு துளைகள் வழியே செலுத்தி, அவ்விடத்திலேயே சிறிய அளவில் பரீக்ஷித்தார்கள். அதன் முடிவு 2011-ம் வருஷத்தில் வெளிவந்தது. பாக்டீரியாக்கள் பெருகிய வளையத்தைக் கடந்த ஜலத்தில் ஆறிணைக் குரோமியம் குறைந்து காணப்பட்டது.

குரோமியம் குளோரின் சேர்ந்த பொருள் அன்று. அதன் கதியும் வேறு. குளோரின் விஷத்தைப் பாக்டீரியா உடைத்தே விடுகிறது. குரோமியமோ ஒரு மூலப்பொருளாதலால் அதை உடைக்க இயலாது. எளிதில் கரையும் கொடிய உருவத்திலிருந்து, எளிதில் கரையாத சாந்தமான உருவத்துக்கு அது மாறி மண்ணிலேயே தங்குகிறது. ஆயினும் துளை போடுதல், உணவு செலுத்துதல், பிராணவாயுவைப் போக்குதல், உள்ளூர்ப் பாக்டீரியாவைப் பயன்படுத்துதல் ஆகிய முறைகள் இரண்டுக்கும் பொதுவே. மேலே கழிவுக்குவியல் இருக்கும் வரையில் கீழே செய்யும் வேலை நிலைத்த பயன் தராது என்ற பாடமும் இரண்டுக்கும் பொதுவே.

கிணற்றில் பாக்டீரியாப் பொடியைப் போடலாமா?

இம்முறையைக் கேள்வியுற்ற குடியானவர் ஒருவர், கடையில் விற்கும் பாக்டீரியாப் பொடி ஒரு பொட்டலம் வாங்கித் தம் கிணற்றில் கொட்டினால் என்ன என்று நினைக்கலாம். அவ்வாறு செய்யலாகாது. காரணங்களைக் கூறுவோம்.

திறந்த கிணற்றின் ஜலம் காற்றோடு கலந்தது. நான்கு குளோரினையும் நீக்கும் பாக்டீரியா அதில் பிழைக்காது. விஷத்தின் மூலம் கிணற்றில் இல்லை. நெடுந்தூரத்தில் மண்ணிலோ பாறை வெடிப்பிலோ இருக்கிறது. கிணற்றைச் சுத்தி செய்வதால் அது குறையாது. கழிவுப்பாகு முதலியவற்றைக் கிணற்றில் ஊற்றினால் அழுகல் உண்டாகி, மண்ணிலுள்ள இரும்பும் மாங்கனீசும் கரைந்து வந்து ஜலம் கெடும். கெட்ட வாயுக்கள் தேங்கி, தூர் வாருவதற்கு இறங்கும் ஆளின் உயிருக்கே ஆபத்தாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை பாதியில் நின்று வினைல் குளோரைடு உண்டாகிவிட்டால் அதைக் கண்ணாலோ நாக்காலோ அறிய முடியாது. எரு மட்கவும் கழிவுநீர்த் தொட்டி தெளியவும் விற்கப்படும் பொடிகள் தத்தம் வேலைக்கு உதவலாம்; இவ்வேலைக்கு அவை உதவா.

காஞ்சீபுரம் ஜில்லாவின் பல பாகங்களில் அடிநிலம் கெட்டிப்பாறையாதலால், ஜலம் வெடிப்புகளின் வழியே வளைந்து ஓடுகிறது. பக்கத்துக் கிணறு நன்றாயிருக்க நம் கிணறு கெடுவதும், நம் கிணறு நன்றாயிருக்க அடுத்த ஊர்க் கிணறு கெடுவதும் கூடும். ஆகையால் இது தனி மனிதர் தம் கிணற்றளவில் செய்துகொள்ளும் வேலையன்று. நிலவியல் அறிந்தவர், இரசாயனப் பரிசோதகர், பாக்டீரியா சாஸ்திரம் அறிந்தவர் மூவரும் கூடிச் சர்க்கார் அனுமதியுடன் மாதக்கணக்காக, சில இடங்களில் வருஷக்கணக்காக, நடத்தவேண்டிய காரியம்.

நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் செய்யவேண்டியவை

1. பிசுக்கு நீக்கும் திரவம், உலர்சலவைக் கழிவு, பழைய பூச்சிமருந்து, மருந்துக் குப்பி கழுவிய ஜலம் ஆகியவற்றைக் கிணற்றிலோ, வாய்க்காலிலோ, கைவிட்ட துளைக்கிணற்றிலோ கொட்ட இடந்தரலாகாது. 1974-ம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு இதைத் தடை செய்கிறது.

2. கைவிட்ட துளைக்கிணறுகளை அடியிலிருந்து மேல்வரை களிமண் அல்லது சிமெண்டுக் கலவையால் நன்றாக அடைத்துவிட வேண்டும். மேலே கொட்டிய விஷம் ஒரே நாளில் அடிநீரைச் சேர்வதற்கு அதைவிட நேர்வழி வேறில்லை. குழந்தைகள் விழுந்து இறக்கும் அபாயமும் இதனால் நீங்கும்.

3. நிலத்தைத் தொழிற்சாலைக்கோ, கிடங்குக்கோ, பட்டறைக்கோ குத்தகைக்கு விடுவோர், அங்கே எந்தத் திரவம் வைக்கப்படும், அதன் கழிவு எங்கே போகும் என்பவற்றை எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாடகை சில வருஷங்களில் முடியும். கெட்ட நிலம் சொந்தக்காரரிடமே நிற்கும்.

4. கிராமத்தில் இருந்து மூடப்பட்ட பட்டறை, சலவைக்கூடம், மருந்துக் கிடங்கு ஆகியவை எங்கே இருந்தன என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துக் குறித்து வைத்தல் நலம். பெரியவர்களின் நினைவு மறைவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

5. ஜலத்தில் சந்தேகம் தோன்றினால், உப்பு, கடினத்தன்மை பார்க்கும் சாதாரணப் பரிசோதனை போதாது. குளோரின் சேர்ந்த ஆவியாகும் பொருள்களைச் சோதிக்குமாறு தனியே கேட்க வேண்டும். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பரிசோதனைச்சாலையார் தரும் கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, பனிக்கட்டியில் வைத்து அன்றே அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் குடத்தில் எடுத்துப்போனால் விஷம் வழியிலேயே ஆவியாகி, கெட்ட ஜலத்துக்கும் நல்ல ஜலம் என்று சீட்டு வந்துவிடும்.

6. விஷம் உண்டென்று முடிவானால், உடனே குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வேறு ஜலம் ஏற்பாடு செய்ய வேண்டும். காய்ச்சிக் குடிக்கலாம் என்று எண்ணக் கூடாது. அடைத்த சமையலறையில் அந்த ஆவியைச் சுவாசிக்க நேரும். பிளீச்சிங் பவுடர் நோய்க்கிருமியைக் கொல்லுமேயன்றி இவ்விஷத்தைப் போக்காது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஜில்லா கலெக்டருக்கும் பரிசோதனைச் சீட்டுடன் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

7. பாக்டீரியா முறையால் சுத்தி செய்வதாக எவரேனும் முன்வந்தால், கிராமத்தார் மூன்று கேள்விகள் கேட்கட்டும். விஷத்தின் மூலம் எங்கே என்று கண்டாயிற்றா? நான்கு குளோரினையும் நீக்கும் பாக்டீரியா அங்கே உண்டா, இல்லையெனில் எங்கிருந்து வரும்? வினைல் குளோரைடையும் எதிலீனையும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளப்பீர்கள்? இவற்றுக்குத் தெளிவான விடை தராதவரை நம்பிப் பணம் கொடுக்கலாகாது.

முடிவு

ஊரின் கண்ணுக்குத் தெரியாத இச்சிறு உயிர்கள் நமக்குப் புதியவை அல்ல. நம் முன்னோர் தழை மிதித்து ஜலம் கட்டிய நாள் முதல் அவை நம் வயலில் வேலை செய்து வருகின்றன. மனிதர் உண்டாக்கிய கொடிய விஷத்தையும் அவை உடைக்கும். ஆனால் அவற்றுக்கு வேண்டிய உணவும், இடமும், காலமும் தந்து, வேலை முடியும்வரை அளந்துகொண்டே இருந்தால்தான் உடைக்கும். அதற்கு ஆகும் செலவும் காலமும் பெரிது. ஒரு குப்பித் திரவத்தைத் தரையில் கொட்டாமல் தடுப்பதற்கு ஆகும் செலவோ ஒன்றுமில்லை. ஏரியின் கரை உடையுமுன் காவல் வைக்கும் வழக்கம் நம் கிராமங்களுக்கு உண்டு. அதே கவலையைக் கண்ணுக்குத் தெரியாமல் நம் காலடியில் நிற்கும் ஏரிக்கும் வைப்போமாக.